ஆறு தந்தியில் ஒரு பாட்டு

கேள்வி: நான் ஆறு வருடமாக வீணை படிக்கிறேன். சென்ற மாதம் என் அண்ணன் கொடுத்து ‘தி நேம் ஆஃப் தி விண்ட்’ நாவலைப் படித்தேன். அதில் க்வோத் என்ற இளைஞன் ஏழு தந்தி லூட்டை வைத்துக்கொண்டு ஊரே கூடியிருக்கும் அரங்கில் வாசிக்கிறான். பாட்டு உச்சத்தை நெருங்கும்போது ஒரு தந்தி அறுந்துவிடுகிறது. அவன் நிறுத்தாமல் மீதி ஆறு தந்தியிலேயே பாட்டை முடித்து, வெள்ளிக் குழல் பதக்கமும் வாங்கிவிடுகிறான். எனக்குக் கச்சேரி நடுவில் சாரணி என்ற முதல் தந்தி அறுந்தால் கண்ணில் நீர்தான் வரும். மேல் தந்தி மெல்லிசாக இருப்பதாலும் அவன் வெறியோடு மீட்டியதாலும் அறுந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதன்பிறகு பாட்டை முடிப்பது மந்திரம் இல்லாமல் நடக்கிற காரியமா?

— வீணை மாணவி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கேள்விக்காக. இரண்டாம் முறை, கேள்விக்குள்ளேயே நீங்கள் போகிறபோக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன இரண்டு காரணங்களுக்காக. ‘மெல்லிசாக இருப்பதால்’, ‘வெறியோடு மீட்டியதால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் எல்லாரும் சொல்வதுதான். இரண்டும் சரியில்லை. அவற்றை முதலில் ஒதுக்கிவிட்டால், மந்திரத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது தானே தெரியும்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பேட்ரிக் ராத்ஃபஸ் என்ற அமெரிக்கர் எழுதி 2007இல் வந்த நாவல் இது. அடுத்த பாகம் 2011இல் வந்தது. அதன்பிறகு மூன்றாவதற்காக வாசகர்கள் காத்த காத்திருப்பு தனிக் காவியம். நாயகன் க்வோத், ஊர் ஊராகப் போகும் கூத்துக் குழுவில் பிறந்த பிள்ளை. பெற்றோரைப் பறிகொடுத்து, தெருவில் பிச்சையெடுத்து வளர்ந்து, பதினைந்து வயதில் மந்திரம் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடுகிறான். லூட் என்பது பாதியாக அரிந்த பேரிக்காய் போன்ற குடமும், பின்பக்கம் மடங்கிய தலையும் உள்ள ஐரோப்பியத் தந்தி வாத்தியம். அரபு நாடுகளின் ஊத் என்ற வாத்தியத்தின் வாரிசு. பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு சங்கதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் உலகத்துப் பழைய லூட்டில் மேல் தந்தி மட்டும் ஒற்றை, மற்றவை பெரும்பாலும் இரட்டை இரட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். ஜோடியில் ஒன்று அறுந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும். நாவலாசிரியர் ஏழு ஒற்றைத் தந்திகளாக வைத்தது கதைக்கு வசதி. குற்றமில்லை, அது அவருடைய உலகம். ஆனால் அந்த உலகத்திலும் தந்தி தந்திதான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதல் காரணம்: மெல்லிசு. ஒரு தந்தி எந்தச் சுரத்தில் ஒலிக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. நீளம், இழுவிசை (அதாவது முறுக்காணியான பிருடை தந்தியை எவ்வளவு பலமாக இழுத்து வைத்திருக்கிறது என்பது), ஒரு சாண் தந்தியின் எடை. சரி, மெல்லிய தந்தியை எடுத்துவிட்டு, குறுக்குவெட்டில் இரண்டு பங்கு பருமனான தந்தியைக் கட்டுகிறீர்கள். வலு இரட்டித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் எடையும் இரட்டித்துவிட்டதே! அதே சுரம் வேண்டுமென்றால் இழுவிசையையும் இரண்டு பங்காக்க வேண்டும். பல்லக்குத் தூக்க ஆள் போதவில்லை என்று இன்னும் நாலு பேரைச் சேர்த்து, அந்த நாலு பேருடைய வீட்டாரையும் பல்லக்கிலேயே ஏற்றிவிட்ட மாதிரி. தோள் ஒவ்வொன்றிலும் பழைய பாரம் அப்படியே இருக்கும்.

இந்தத் தோள் பாரத்துக்குத் தகைவு என்று பெயர். தந்தியின் குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்ற கணக்கு அது. தந்தி அறுவது இழுவிசையால் அல்ல, தகைவால். தகைவோ பருமனைப் பொறுத்ததே இல்லை. தந்தி எந்தப் பொருளில் செய்தது, எவ்வளவு நீளம், எந்தச் சுரம் என்ற மூன்றைத்தான் பொறுத்தது. ஒரே பொருள், ஒரே நீளம் என்றால், நூல் போன்ற தந்தியும் கயிறு போன்ற தந்தியும் ஏறக்குறைய ஒரே சுரத்தில்தான் அறும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நம்பியதே இல்லை. இரண்டு பருமனில் தூண்டில் நரம்பு வாங்கிக் கட்டி முறுக்கிக் காட்டினால்தான் நம்புவார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை.

அப்படியானால் மேல் தந்தி மட்டும் ஏன் அடிக்கடி அறுகிறது? லூட்டில் எல்லாத் தந்திக்கும் நீளம் ஒன்றுதான், ஆனால் மேல் தந்தி எல்லாவற்றையும்விட உச்சமான சுரத்தில் நிற்கிறது. தகைவு அங்கேதான் அதிகம். அது மெல்லிசாக இருப்பது அறுவதற்குக் காரணம் அல்ல, உச்ச சுரத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. பருமனான தந்தியை அந்த உயரத்துக்கு ஏற்றினால், அத்தனை இழுவிசையையும் வாத்தியத்தின் மெல்லிய மேல்பலகை தாங்க வேண்டியிருக்கும்.

இதில் எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், எனக்கு அதில் ஓர் ஆசை. பழைய லூட்டின் தந்திகள் ஆட்டுக்குடலை உரித்து, கழுவி, முறுக்கி, காயவைத்துச் செய்தவை. (ஆங்கிலத்தில் பூனைக்குடல் என்று பொருள்படும் பெயர் ஒன்று வழங்குகிறது. பூனைக்கு இதில் பங்கு கிடையாது.) பழந்தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லூட்டின் மேல் நரம்புக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஷாந்தரெல், பாடுகிறவள் என்று பொருள். சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த நரம்பை நொடிக்கு 392 முறை அதிரும் சுரத்தில் வைப்பது வழக்கம். அதன் பருமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இழுவிசை நாலு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். நாலு கிலோதானே என்று தோன்றும். தகைவாகக் கணக்கிட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 29 கிலோ வருகிறது. நல்ல குடல் நரம்பே 33, 34 கிலோவில் அறுந்துவிடும். உங்கள் பாஷையில் சொன்னால், இன்னும் ஒரு மெட்டு (அரைச் சுரம்) ஏற்றலாம், இரண்டாவது மெட்டு ஏற்றினால் கையோடு வந்துவிடும். பழைய லூட் பாட நூல்களில் சுருதி கூட்டும் முறையே, மேல் நரம்பை அறுந்துபோகாத அளவுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்று என்றுதான் தொடங்கும். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. மேலே தணித்துக் கட்டினால், அடியிலுள்ள தடித்த நரம்புகள் தொய்ந்து, ஈரத் துணியைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

ஆக, க்வோத் மேடை ஏறும்போதே அவன் மடியில் இருந்தது விளிம்பில் நிற்கும் நரம்பு.

இரண்டாவது காரணம், மீட்டு. இதை நம்புவதுதான் எல்லாருக்கும் சுலபம், ஏனென்றால் தந்தி அறுவதை நாம் பார்ப்பது மீட்டும்போதுதான். விரலால் நரம்பை மூன்று மில்லிமீட்டர் விலக்கி விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே தாராளம். அதனால் 60 சென்டிமீட்டர் நரம்பு நீளுவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தகைவு கூடுவது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மூட்டை சுமக்கிறவர் தோளில் ஒரு தீப்பெட்டியை வைத்ததுபோல. அவர் அந்த நொடியில் சரிந்தார் என்றால், தீப்பெட்டியைக் குறை சொல்வீர்களா?

உண்மையில் நடப்பது நிதானமான வேலை. நரம்பு சதா இழுபட்டே கிடக்கிறது. நீண்டநேரம் இழுபடும் பொருள் தானாகவே மெல்ல மெல்ல நீளும். இதற்குத் தவழ்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அழகான பெயர். நீளும்போது சுரம் இறங்கும், வாசிப்பவர் பிருடையைத் திருப்பி ஏற்றுவார். குடல் நரம்பு காற்றின் ஈரத்தையும் குடிக்கும். கூட்டம் கூடி மூச்சுவிடும் அரங்கில் ஊதும், வறண்ட அறையில் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் சுரம் நகர, ஒவ்வொரு தடவையும் பிருடை திரும்பும். இதற்கிடையில் குதிரையில் கட்டிய இடத்திலும், மேல் முனையில் நரம்பு மடங்கி இறங்கும் இடத்திலும், விரல் வைத்து வைத்து அழுத்திய மெட்டின் மேலும் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி ஒரு மயிர் எழும்பியிருக்கும். அந்த மயிர்தான் முன்னறிவிப்பு. கண்டவுடன் மாற்றுகிறவர்களும் உண்டு, இன்னும் ஒரு கச்சேரி தாங்கும் என்று விட்டுவைக்கிறவர்களும் உண்டு. நாவலில் க்வோத்திடம் இருந்தது கடன் வாங்கிய காசில் வாங்கிய பழைய லூட். அவன் எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டினால்தான் அறும் என்றால் இரவில் பெட்டிக்குள் அறுகிற தந்திக்கு யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் ஒரு வீணை உண்டு. ஒரு மார்கழிக் காலையில் உறையை அவிழ்த்தபோது பஞ்சமத் தந்தி சுருண்டு குடத்தின்மேல் கிடந்தது. முந்தின இரவு யாரும் தொடவில்லை. பிருடையில் மடங்கும் இடத்தில் அரிசி அளவுக்குத் துரு. அது எப்போதோ முடிவெடுத்துவிட்டது, நிறைவேற்ற ஓர் இரவைத் தேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

உங்கள் சாரணிக்கும் இதுதான் பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தோடு. உங்களுடையது எஃகு. வீணைத் தந்தி லூட்டைவிட நீளம், சாரணியின் ஆதார ஸட்ஜமோ லூட்டின் மேல் நரம்பைவிட வெகு தாழ்வு. கணக்கிட்டால், உங்கள் சாரணி எஃகின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் செலவழிக்கிறது. மிச்சம் முழுக்கக் கையிருப்பு. அந்தக் கையிருப்பில்தான் நீங்கள் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று நாலு சுரம் மேலே போய்வருகிறீர்கள். க்வோத்தின் மேல் நரம்பில் அந்தக் கமகத்தைப் பிடித்துப் பாருங்கள், இரண்டாவது இழுப்புக்கு நரம்பு இருக்காது. சாரணி அறுகிறதென்றால் பெரும்பாலும் துரு, வியர்வை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்கியது, மெட்டில் உராய்ந்து தேய்ந்தது, இவைதான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைக்கும்படி உங்கள் டீச்சர் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு நடந்தாலே கண்ணீருக்கு வேலை குறையும்.

இப்போது மந்திரம். நீங்கள் குறிப்பிடாமல் விட்ட ஒரு விஷயம் நாவலில் உண்டு: தந்தி தானாக அறவில்லை, அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பணக்காரப் பகையாளி அம்ப்ரோஸ் கூட்டத்தில் உட்கார்ந்தபடி ஏதோ செய்திருக்கிறான் என்ற சந்தேகம். இது நடக்குமா என்று கேட்டால் சிரிக்கலாம். ஆனால் இந்த நாவலின் மந்திரத்தில் எனக்குப் பிடித்ததே, அதற்குக் கணக்குப் புத்தகம் உண்டு என்பதுதான். அங்கே ‘சிம்பதி’ என்று ஒரு வித்தை கற்பிக்கிறார்கள். இரண்டு பொருள்களை மனத்தால் பிணைத்தால், ஒன்றுக்குச் செய்வது மற்றதுக்கும் நடக்கும். இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிணைப்பு பலம். ஒரு பொருளின் துண்டு முழுப் பொருளுக்குப் பதிலாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது. ஒரு காசைத் தூக்கினால் பிணைத்த இன்னொரு காசும் எழும், ஆனால் கைக்கு இரண்டின் கனமும் தெரியும், சேதாரமும் சேர்த்து. முதல் இரண்டு விதிகளும் ராத்ஃபஸ் கண்டுபிடித்தவை அல்ல. ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1890இல் முதலில் வெளியிட்ட ‘தி கோல்டன் பவ்’ நூலில், உலகெங்கும் உள்ள மந்திர நம்பிக்கைகளை இப்படித்தான் பிரித்தார். ஒத்தது ஒத்ததை இயக்கும், ஒருமுறை ஒட்டியிருந்தது பிரிந்தபின்னும் இயக்கும் என்று. பொம்மையில் ஊசி குத்துவது முதல் வகை, காலடி மண்ணை எடுத்துப் போவது இரண்டாம் வகை. மூன்றாவது விதி மட்டும் நேராக இயற்பியல் வகுப்பிலிருந்து வந்தது.

அந்த மூன்றாவது விதிப்படி அம்ப்ரோஸுக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒருநாள் மத்தியானம் போட்டுப் பார்த்தேன். நரம்பு ஏற்கெனவே விளிம்பில் இருக்கிறது, மிச்சத் தூரம் சில மில்லிமீட்டர் இழுப்பு. அதற்கு வேண்டிய வேலை ஏறக்குறைய கால் ஜூல். ஜூல் என்பது ஆற்றலின் அளவு. ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் கால் ஜூல் ஆகிவிடும். அந்த மந்திரவாதிகள் ஆற்றலுக்கு மெழுகுவத்தியைப் பயன்படுத்துவார்கள். ஒரு மெழுகுவத்திச் சுடர் ஒரே நொடியில் இதைப்போல நூறு பங்குக்கு மேல் ஆற்றலைச் சும்மா காற்றில் விடுகிறது. ஆகவே, அந்த உலகத்தின் சட்டப்படியே பார்த்தால் தந்தியை அறுப்பது மிக மலிவான மந்திரம். ஓர் எலுமிச்சம்பழம் போதும். நம் ஊரில் அதற்கும் எலுமிச்சம்பழம்தான் கேட்பார்கள் என்பது வேறு.

அறுக்க மந்திரம் போதும். முடிக்க? அங்கேதான் இந்த எழுத்தாளரை நான் மெச்சுகிறேன். வாசிப்பில் அவர் மந்திரத்தைச் சேர்க்கவே இல்லை. பாட்டை முடிப்பது முழுக்க விரலும் கணக்கும்.

கணக்கு உங்கள் வீணையிலேயே இருக்கிறது. சாரணி ஸட்ஜமம், அடுத்த தந்தி அதற்குக் கீழே பஞ்சமம். பஞ்சமத் தந்தியில் ஐந்தாவது மெட்டை அழுத்தினால் என்ன வரும்? சாரணியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஸட்ஜமம். சாரணியில் வரும் எந்தச் சுரமும் பஞ்சமத் தந்தியில் ஐந்து மெட்டு தள்ளிக் கிடைக்கும். உங்களுக்கு 24 மெட்டு இருப்பதால் பஞ்சமத் தந்தி ஒன்றை வைத்தே தார ஸ்தாயிப் பஞ்சமம் வரை ஏறிவிடலாம். அதற்கு மேல் கச்சேரியில் எத்தனை முறை போகிறீர்கள்? லூட்டிலும் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே பெரும்பாலும் இதே ஐந்து மெட்டுத் தூரம்தான், ஓரிடத்தில் மட்டும் நாலு. ஒரு தந்தி போனால் அதன் சுரங்கள் போய்விடுவதில்லை. வீடு மாறிப் போகின்றன, புது விலாசம் தெரிந்தால் போதும்.

விலாசம் தெரிவதுதான் கஷ்டம். உங்கள் விரல் ‘இங்கே காந்தாரம்’ என்று பழகியிருக்கிறது, ‘காந்தாரம் எங்கே’ என்று அதற்குத் தெரியாது. அதோடு இன்னொரு உபத்திரவம் உண்டு. ஒரு தந்தி அறுந்தவுடன் வாத்தியத்தின் மேலிருந்த மொத்தப் பாரம் குறைகிறது. வளைந்து கொடுத்திருந்த பலகையும் கழுத்தும் ஒரு மயிரிழை நிமிர்கின்றன. மீதித் தந்திகள் கூடுதலாக இழுபட்டு, சுருதி கொஞ்சம் ஏறிவிடும். லூட் மாதிரி லேசான வாத்தியத்தில் இது காதுக்குத் தெரியும். ஆகவே க்வோத் புது விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருவும் சற்று நகர்ந்திருக்கும்.

நிஜ மேடையில் வித்வான்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் நிறுத்துகிறார்கள், அல்லது வாத்தியத்தை மாற்றுகிறார்கள். 1986 ஜூலையில் அமெரிக்காவின் டாங்கிள்வுட் விழாவில் மிதோரி என்ற பதினாலு வயது ஜப்பானியச் சிறுமி, லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இயற்றிய செரனேடை, பெர்ன்ஸ்டைனே வாத்தியக் குழுவை நடத்த, வாசித்துக்கொண்டிருந்தாள். வயலினின் மேல் தந்தி அறுந்தது. பக்கத்தில் இருந்த முதல் வயலின்காரரிடம் போய் அவருடையதை வாங்கி வாசித்தாள். அதிலும் அதே தந்தி அறுந்தது! மூன்றாவது வயலினை வாங்கி, தன் கைக்குப் பெரிதான அந்த வாத்தியத்தில், ஒன்றுமே நடக்காததுபோல் முடித்தாள். மறுநாள்களில் பத்திரிகை முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அவள் செய்தது க்வோத் செய்ததைவிடச் சின்ன காரியம் என்று நான் நினைக்கவில்லை. முன்பின் தொட்டறியாத இரண்டு வாத்தியங்களில் விலாசத்தைத் தேடுவதும் அதே ஜாதி வேலைதான்.

ஒற்றைத் தந்தியில் வாசித்தவர் என்று பாகனினியைச் சொல்வார்கள். உண்மைதான், ரொசீனியின் மோசே ஆபரா மெட்டை எடுத்து வயலினின் அடித் தந்தி ஒன்றுக்கென்றே அவர் உருப்படி செய்தார். ஆனால் அது முன்கூட்டித் திட்டமிட்டு எழுதியது, விபத்து அல்ல. அப்படியும் ஊர், அவருக்கும் சாத்தானுக்கும் உடன்படிக்கை என்றுதான் பேசிற்று. சாதகம் செய்ததை ஊர் பார்ப்பதில்லை, மேடையை மட்டும் பார்க்கிறது. மந்திரம் என்ற சொல்லுக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது.

க்வோத்தின் சாதகத்தை ராத்ஃபஸ் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? புத்தகத்தை முன்னுக்குத் திருப்புங்கள். பெற்றோர் கொல்லப்பட்டபின் அவன் அப்பாவின் லூட்டோடு காட்டில் தனியாகக் கிடக்கும் பகுதி. பேச ஆளில்லை, நாள் முழுக்க வாசிப்புதான். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தபின் காற்றில் இலை திரும்புவதை வாசித்துப் பார்க்கிறான். அங்கே ஒரு தந்தி அறுகிறது, மாற்றுத் தந்தி இல்லை. ஆறில் பழகுகிறான். இன்னொன்று அறுகிறது, ஐந்தில் பழகுகிறான். படிக்கும்போது இது துக்கத்தின் வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். அது சாதகக் கணக்கு. நூற்றுக்கணக்கான பக்கம் கழித்து அரங்கில் தந்தி அறும்போது, கூட்டத்துக்கு அது அதிசயம், அவன் விரலுக்கோ பழைய ஊர்.

எனக்கு ஒரே ஒரு குறை. காட்டுக்கும் அரங்குக்கும் நடுவில் அவன் தெருவில் வாத்தியமே இல்லாமல் ஏறக்குறைய மூன்று வருடம் திரிகிறான். உங்கள் இடதுகை ஆள்காட்டி விரல் நுனியில் தந்தி பதிந்து ஒரு கோடு காய்த்துப் போயிருக்குமே, அது ஒரு மாத விடுமுறையில் எப்படி மெலிகிறது என்று உங்களுக்கே தெரியும். காதும் மனமும் மூன்று வருடம் தாங்கும். தோல் தாங்காது. அரங்கேறுமுன் அவனுக்கு நாவல் கொடுக்கும் பயிற்சிக் காலம் போதவே போதாது. மந்திரத்தை நம்பிவிட்டேன், இதை நம்பத்தான் சிரமப்பட்டேன்.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். சாரணியை அறுக்க வேண்டாம், தொடாமல் விட்டுவிடுங்கள். நன்றாகப் பாடமான ஒரு வர்ணத்தைப் பஞ்சமத் தந்தியில் மட்டும் முதல் காலத்தில் வாசியுங்கள். முதல் நாள் பல்லவியே தடுமாறும். கமகங்களில் இழுப்பு மாறுபடும், இந்தத் தந்தியின் விறைப்பு வேறு. ஒரு வாரத்தில் விலாசங்கள் பிடிபட ஆரம்பிக்கும். பிறகு மந்தரத் தந்தியையும் சேர்த்துக்கொண்டு, சாரணி இல்லாமலே முழு வர்ணமும் முடிகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

சாரணி, பஞ்சமம் இரண்டையும் விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று கேட்பீர்கள், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கேட்கிற ஆள் என்றுதான் தெரிகிறது. அதற்கும் நாவலில் பதில் உண்டு. லூட்டில் பக்கத்துத் தந்தி போனால் ஐந்து மெட்டு எட்ட வேண்டும், அதற்கடுத்ததும் போனால் பத்து. நாலு விரல் விரித்தாலும் கை ஒரே இடத்தில் நாலு, ஐந்து மெட்டுக்கு மேல் எட்டாது. மீதி நேரமெல்லாம் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காட்டில் மூன்றாவது தந்தியும் அறுந்தபோது க்வோத் அரை நாள் முயன்று பார்த்தான். முடியவில்லை. லூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, தந்தி விற்கும் ஊரைத் தேடி நடந்தான்.